தௌசீஃப் போன கடல்வழி

2023 டிசம்பர் 21, வியாழன்

மூன்றாம் அத்தியாயம் இன்னும் முடிந்தபாடில்லை. விழுப்புரம் மாவட்டத்தைவிடக் குறைவான ஜனம் இருந்த ஒரு நாடு. அதிலிருந்து வாஸ்கோடகாமா என்று ஒருவன் கப்பலேறி வந்து போனான். அந்த ஒரு பயணத்தால் போர்ச்சுகல் எப்படி இந்தக் கடல் முழுவதற்கும் எஜமானன் ஆனது? ஐந்து வருஷமாக இதே கேள்வியோடு மல்லுக்கட்டுகிறேன். காலையில் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர், மாலையில் ஆய்வு மாணவி. நாற்பத்திரண்டு வயதில் மாணவி!

நான் சொல்லச் சொல்ல ஜோயா தட்டச்சு செய்கிறாள். மகளுக்கு இது பிளஸ் டூ பரீட்சை வருஷம், வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. நடுநடுவே நிறுத்தி, “இந்த இடம் சரியா இல்லம்மா, ஆதாரம் எங்க?” என்கிறாள். என் கைடு ராஜாங்கம் சார்கூட இவ்வளவு குடைவதில்லை.

2023 டிசம்பர் 28, வியாழன்

தம்பி தௌசீஃப் போன் செய்தான். கப்பல் முந்த்ரா துறைமுகத்திலிருந்து இன்று கிளம்புகிறது, ராட்டர்டாம் போக வேண்டும். செங்கடல் பக்கம் கப்பல்களை ஏவுகணையால் அடிக்கிறார்களாம். அதனால் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகச் சொல்லிவிட்டது கம்பெனி.

“உன் ஆளு வந்த ரூட்டுக்கா. ஐந்நூறு வருசம் கழிச்சு திரும்பவும் அதே ரூட்டு. புக்குல எழுதிக்க” என்று சிரித்தான். காமாவை ‘உன் ஆளு’ என்றுதான் சொல்லுவான்.

எழுதிக்கொண்டேன். உண்மையில் எனக்குள் ஒரு குதூகலம். சூயஸ் வழி அடைபட்டதும் உலகத்துச் சரக்கெல்லாம் காமாவின் வழிக்குத் திரும்புகிறது. இதைவிட நல்ல அடிக்குறிப்பு எந்த ஆய்வேட்டுக்குக் கிடைக்கும்?

அம்மா மட்டும் கேட்டாள்: “சுத்திக்கினு போனா எத்தினி நாள் கூட ஆவும்?”

பத்துப் பன்னிரண்டு நாள் என்றேன்.

2024 ஜனவரி 3, புதன்

கப்பல் இருக்கும் இடத்தைக் காட்டும் ஒரு செயலியை ஜோயா என் போனில் ஏற்றியிருக்கிறாள். நீலத் திரையில் ஒரு பச்சைப் புள்ளி. அதுதான் தௌசீஃப். அம்மா அதைத் தொட்டுப் பார்த்தாள். தொட்டதும் கப்பலின் நீளம், அகலம் எல்லாம் வந்தது. பயந்து கையை எடுத்துவிட்டாள்.

2024 ஜனவரி 7, ஞாயிறு

இன்று அனுமதிச் சீட்டுப் பகுதியை முடித்தோம். காமா வந்து போன சில வருஷங்களுக்குள் போர்ச்சுகீசியர் போட்ட சட்டம்: இந்தக் கடலில் எந்தக் கப்பல் போனாலும் அவர்களிடம் சீட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் சரக்குப் பறிபோகும், ஆளும் போவான். இரண்டாம் முறை வந்தபோது மக்காவிலிருந்து ஹஜ் முடித்துத் திரும்பியவர்களின் கப்பலைப் பெண்கள், பிள்ளைகளோடு சேர்த்து எரித்தான் காமா. அந்தப் பத்தியைச் சொல்லும்போது ஜோயாவின் விரல்கள் நின்றுவிட்டன.

“நம்ம கடல்ல நாம போறதுக்கு அவன்கிட்ட ஏம்மா சீட்டு வாங்கணும்?”

“பீரங்கி அவன் கப்பல்ல இருந்துது.”

“நம்ம ராஜாக்கள்லாம் இன்னா பண்ணிக்கினு இருந்தாங்க?”

“மலை மேல கோட்டை கட்டினாங்க.”

ஜன்னல் பக்கம் திரும்பினாள். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலைதான் தெரிந்தது. “அவ்ளோ உசரத்துல ஏறியும் கடலப் பாக்கலியா?” என்றாள். அதை அப்படியே அத்தியாயத்தில் சேர்க்கலாமா என்று யோசித்தேன். ராஜாங்கம் சார் அடித்துவிடுவார்.

2024 ஜனவரி 14, ஞாயிறு

கப்பல் நன்னம்பிக்கை முனையைத் தாண்டுகிறது. கரை சிக்னல் கிடைத்ததும் தௌசீஃப் அழைத்தான். என்ஜின் ரூம் வேலை, குரலே கட்டிப்போயிருந்தது. அலை பெரிதாம், இரண்டு நாளாக யாரும் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

“அக்கா, உன் ஆளு கூட எத்தினி பேரு வந்தாங்க?”

“நூத்தியெழுபது பேர் இருக்கும்.”

“திரும்பிப் போனது?”

“அம்பத்தஞ்சு.”

“மீதிப் பேரு?”

“ஈறு வீங்கி, கால் வீங்கி செத்தாங்க. கடல்ல போட்டுட்டாங்க. ஓட்ட ஆள் இல்லாம ஒரு கப்பலையே கொளுத்திட்டுப் போனாங்க.”

“அவங்க பேருலாம் புக்குல இருக்குதா?”

“காமாவோட அண்ணன் பேரு இருக்குது. அவனும் வழியிலதான் செத்தான்.”

“சரிக்கா, டூட்டிக்குப் போணும். அம்மாகிட்ட அலையப் பத்திச் சொல்லாத” என்றான்.

2024 ஜனவரி 19, வெள்ளி

தௌசீஃபிடமிருந்து செய்தி. நேற்றிலிருந்து வயிற்று வலி, வலது பக்கம், அடியில். கேப்டன் கரையிலுள்ள டாக்டரிடம் பேசி மாத்திரை கொடுத்திருக்கிறாராம். ‘அம்மாகிட்ட சொல்லாத’ என்று இதிலும் போட்டிருக்கிறான்.

வலது பக்கம். என் கணவர் நசுருதீனுக்கும் இப்படித்தான் வந்தது. திண்டிவனத்தில் குடல்வாலை அறுத்து எடுத்தார்கள். அரை நாள் வேலை.

2024 ஜனவரி 20, சனி

காய்ச்சல் வந்துவிட்டதாம். திருப்பிக் கரைக்கு விடச் சொல்லிக் கேட்டேன். பக்கத்துத் துறைமுகம் பின்னால் இரண்டு நாள் ஓட்டத்தில் இருக்கிறது, கேப்டன் அலுவலகத்தைக் கேட்டிருக்கிறார், ஏற்கெனவே சுற்று வழியில் இத்தனை நாள் போய்விட்டது, மேலே ஓட்டச் சொல்கிறார்கள் என்று எழுதினான்.

மேலே என்றால்? அடுத்த துறைமுகத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.

வரைபடத்தை விரித்து விரலால் அளந்தேன். இந்த வரைபடத்தை நூறு தடவை பார்த்திருக்கிறேன். இவ்வளவு தண்ணீர் என்று எனக்குத் தெரிந்ததே இல்லை.

2024 ஜனவரி 21, ஞாயிறு

அல்ஹம்துலில்லாஹ். வலி குறைந்துவிட்டது என்று செய்தி. ‘திடீர்னு விட்டுருச்சுக்கா. தூங்கப் போறேன்.’

நிம்மதியாக அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

2024 ஜனவரி 22, திங்கள்

பதில் இல்லை. பச்சைப் புள்ளி நகர்ந்துகொண்டிருக்கிறது.

2024 ஜனவரி 24, புதன்

தௌசீஃப் போய்விட்டான். நேற்றே.

மும்பையிலிருந்து யாரோ இங்கிலீஷில் பேசினார்கள். நான் வகுப்பில் இருந்தேன். ‘எஸ் சார், எஸ் சார்’ என்று சொல்லிக்கொண்டே நின்றிருக்கிறேன். பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும்.

அம்மாவிடம் சொன்னது நசுருதீன். என்னால் முடியவில்லை. இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

2024 ஜனவரி 27, சனி

கப்பல் நிற்கவில்லை. ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, அவனையும் வைத்துக்கொண்டு. எங்கே வைத்திருக்கிறார்கள்? கறியும் மீனும் வைக்கும் குளிர் அறையில். நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

ஜோயா செயலியை அழிக்க மாட்டேன் என்கிறாள். “கரைக்குப் போயி எறக்குற வரைக்கும் இருக்கட்டும்மா.”

2024 பிப்ரவரி 3, சனி

டாக்டர் பீமாராவைப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு இருபது வருஷமாக வைத்தியம் பார்ப்பவர். செய்திகளைத் தேதியோடு காட்டினேன். இருபத்தொன்றாம் தேதி வந்ததைப் படித்துவிட்டுப் போனை மெதுவாக மேசையில் வைத்தார்.

“வலி திடீர்னு விட்டுதுன்னா, உள்ள வெடிச்சிடுச்சின்னு அர்த்தம்மா. அப்புறம் ரெண்டு நாள்.”

நான் அன்றைக்கு இரண்டாம் தடவை குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன்.

2024 பிப்ரவரி 18, ஞாயிறு

தம்பி வந்தான். ஸ்பெயின்காரர்களின் ஒரு தீவில் இறக்கி, இரண்டு விமானம் மாற்றி, சென்னையிலிருந்து ஆம்புலன்ஸில். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று காகிதத்தில் எழுதியிருந்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் திறக்க வேண்டாம் என்றார், குளிப்பாட்டாமலே அடக்க மார்க்கத்தில் இடமிருக்கிறது என்றார்.

அம்மா பெட்டியின் மேல் கையை வைத்து, “இதுல எங்கடா தலை?” என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. ஆம்புலன்ஸ்காரர் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துக் காட்டினார். அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அசர் தொழுகைக்குப் பின் கபர்ஸ்தானில் அடக்கம் செய்தார்கள். எங்களைப் பெற்ற அத்தாவுக்கு இரண்டு கபர் தள்ளி.

2024 பிப்ரவரி 25, ஞாயிறு

அம்மா இன்று சொல்லிவிட்டாள். எப்போது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

“நீதானே அனுப்பி வெச்ச.”

ஆமாம். நான்தான். ஏழு வருஷத்துக்கு முன்பு அவன் பஜாரில் செல்போன் கடையில் நின்றுகொண்டிருந்தான். கப்பல் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கி வந்ததும், நிரப்பியதும், வேண்டாம் என்று அழுத அம்மாவிடம் ஒரு மணி நேரம் பேசிச் சம்மதிக்க வைத்ததும் நான். மரைக்காயர்கள் மலாக்கா வரைக்கும் கப்பல் ஓட்டினார்கள், நாம் கடலை விட்டதால்தான் கெட்டோம் என்றெல்லாம் சொன்னேன். அம்மாவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. படித்தவள் சொல்கிறாளே என்று தலையாட்டினாள்.

2024 மார்ச் 1, வெள்ளி

ஜோயாவுக்குப் பிளஸ் டூ முதல் பரீட்சை. தானே எழுந்து, தானே தலை பின்னிக்கொண்டு போனாள்.

2024 ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட்டுவிட்டு வந்தோம். மதியம் ராஜாங்கம் சாரிடமிருந்து அத்தியாயம் திரும்பி வந்தது. திரும்பாத நூற்றுப்பதினைந்து பேரைப் பற்றி நான் புதிதாக எழுதியிருந்த நான்கு பக்கத்தைச் சிவப்பு மையால் அடைத்து, ‘ஒரு பத்தி போதும்’ என்று எழுதியிருந்தார்.

போனிலும் பேசினார். நல்ல மனுஷர்தான். “ஜெஸிமா, உங்க வேதனை புரியுது. ஆனா கேள்வி போர்ச்சுகலோட வல்லமையைப் பத்தினது. அது எப்படி வந்தது, எப்படிப் போச்சு?”

எப்படிப் போனது? வருஷா வருஷம் இளவட்டங்களைக் கப்பலேற்றி அனுப்பி, பாதிப் பேர் திரும்பாமல், நூறு வருஷத்துக்குள் சொந்த ராஜாவே இல்லாமல் ஸ்பெயின்காரனிடம் போய்ச் சேர்ந்தது சார். அந்த நூற்றுப்பதினைந்தில்தான் அது தொடங்கியது. — இப்படிச் சொல்லியிருக்க வேண்டும். “சரிங்க சார்” என்றேன்.

2024 ஏப்ரல் 28, ஞாயிறு

ஜோயா கப்பலுக்குப் போக வேண்டுமாம்!

மாமு போன மாதிரி என்ஜின் ரூமுக்கு இல்லை, கப்பல் செலுத்தும் படிப்பு. பட்டம். பெண்களும் சேர்கிறார்களாம். நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

“உனுக்கு இன்னா பைத்தியமாடி? ஒருத்தனைப் பெட்டியில வாங்கினது பத்தாதா?” என்று கத்தினேன்.

அவள் கத்தவில்லை. அதுதான் தாங்கவில்லை.

“மாமு ஏம்மா செத்தாரு? கப்பலத் திருப்புன்னு சொல்ற எடத்துல நம்மள மாதிரி ஆளு யாருமில்ல. ஆபீஸ்ல ஒருத்தன் சொல்றான், கேப்டன் கேட்டுக்கறாரு. நான் கேப்டனா இருந்தா திருப்பியிருப்பேன்.”

“அதுலாம் பேசறதுக்கு நல்லாருக்கும்.”

“நீ எழுதினதுதாம்மா. நான்தானே டைப் பண்ணேன். கடல்ல யாரு போவலாம், யாரு போவக் கூடாதுன்னு சொல்றவன்கிட்டதான் அதிகாரம் இருக்குது. காமா கண்டுபுடிச்சது வழி இல்ல, அதைத்தான். மூணாவது அத்தியாயம், கடைசிப் பக்கம்.”

என் வரி. என் பிள்ளை வாயில்.

2024 மே 6, திங்கள்

ரிசல்ட். ஜோயா 561. கணக்கில் 98. நசுருதீன் தன் பெயின்ட் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சாக்லேட் கொடுத்தாராம். ‘இன்னாமோ ஆசப்படுது, எழுதித்தான் பாக்கட்டுமே, கெடைக்கணுமே’ என்று என்னிடம் சொன்னார். விண்ணப்பிக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

2024 மே 10, வெள்ளி

இதை எழுதிவிட வேண்டும். யாரிடமும் சொல்ல முடியாது, இங்கேயாவது இருக்கட்டும்.

மூன்று நாளாக அந்த இணையதளம் திறக்காமல் இழுத்தடித்தது. ஜோயா இன்று மூன்று மணிக்குப் பஜாரில் கோவிந்தசாமியின் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனாள். ஐந்து மணியோடு முடிகிறது. அவளுக்கு இன்னும் தனிப் போன் இல்லை. விண்ணப்பத்தில் என் எண்ணைத்தான் கொடுத்திருந்தாள்.

நாலேகாலுக்குக் கோவிந்தசாமியின் போனிலிருந்து அழைத்தாள். “அம்மா, தொறந்துடுச்சு! எல்லாம் ஏத்திட்டேன். உன் போனுக்கு ஓடிபி வரும், சொல்லு.”

வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே வந்தது. ஆறு எண்கள். 

“வரலடி” என்றேன்.

“திரும்ப அனுப்பறேன், பாரு.”

வந்தது. “இல்ல, வரல.”

“டவர் இல்லியாம்மா? வெளிய வந்து நில்லு.”

வாசலுக்கு வந்து நின்றேன். எதிர்வீட்டு மீனம்பாள் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துச் சிரித்தேன். மூன்றாம் தடவையும் வந்தது. என் கையில், என் கண்முன்னால். அம்மா உள்ளே தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டுக்கு இன்னொரு பெட்டி வராது, வராது, வராது — அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

“வரலம்மா” என்றேன். அவளை நான் ‘அம்மா’ என்று கூப்பிடுவதே இல்லை.

ஐந்தரைக்கு வந்தாள். “சர்வர் தகராறும்மா. கோவிந்தசாமி அண்ணன்கூட அவ்ளோ ட்ரை பண்ணாரு” என்று என் மடியில் தலையை வைத்து அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

இந்தக் கையால்.

2024 மே 11, சனி

அந்த மூன்று செய்திகளையும் அழித்துவிட்டேன்.

2024 ஜூலை 8, திங்கள்

ஜோயா திண்டிவனத்தில் பி.காம். சேர்ந்தாள். காலை ஏழரைக்குப் பஸ். அம்மாவுக்குச் சந்தோஷம். பேத்தி சாயங்காலம் வீடு திரும்பிவிடுவாள் என்று அடுத்த வீட்டிலெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். தௌசீஃப் போனபின் அம்மா தெருவில் இறங்கியது இதுதான் முதல் தடவை.

2024 நவம்பர் 17, ஞாயிறு

ஐந்தாம் அத்தியாயம். நானே தட்டச்சு செய்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. ஜோயாவிடம் கேட்டேன், “ரெக்கார்டு நோட்டு இருக்குதும்மா” என்றாள். பி.காமில் என்ன ரெக்கார்டு நோட்டு? அதை நான் கேட்கவில்லை.

2025 ஏப்ரல் 27, ஞாயிறு

ஒரு வருஷமாகத் தொண்டையில் சிக்கியிருப்பதைத் துப்பிவிடலாம் என்றுதான் இன்று அவளருகில் உட்கார்ந்தேன். வந்ததென்னவோ வேறு.

“இந்த வருசமும் அந்தப் பரீட்சைக்கு ஃபார்ம் போட்டிருக்காங்களாம். எழுதறியாடி? வயசு இருக்குது. நானே கூட வரேன்.”

நிமிர்ந்து பார்த்தாள். சந்தேகமெல்லாம் இல்லை. கோபம்கூட இல்லை.

“எதுக்கும்மா? அந்த ஆசையெல்லாம் போச்சு.”

“ஏண்டி?”

“போச்சு, அவ்ளோதான். நீயும் பயப்படற, ஆயாவும் பயப்படுது. டிராயர்ல சார்ஜர் இருக்குதா?”

எடுத்துக் கொடுத்தேன். உண்மையைச் சொல்ல அப்போதும் இடம் இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் ஆசை திரும்புமா? அவளுக்கு அம்மாவும் இல்லாமல் போய்விடுவாள், அவ்வளவுதான்.

2025 ஆகஸ்ட் 22, வெள்ளி

வாய்மொழித் தேர்வு முடிந்தது. இனி நான் டாக்டர் ஜெஸிமா.

கேரளத்திலிருந்து வந்திருந்த தேர்வாளர் நிறையக் கேட்டார். கடைசியில், “நீங்க செஞ்சிக்காரங்க. உங்க கோட்டையை இப்ப உலகப் பாரம்பரியச் சின்னம்னு அறிவிச்சிட்டாங்க. அப்படிப்பட்ட கோட்டை இருந்தும் இந்தக் கரை ஏன் அந்நியர் கைக்குப் போச்சு?” என்றார்.

“மொகலாயர் அந்தக் கோட்டையைப் பிடிக்க ஏழெட்டு வருஷம் ஆச்சு சார். கடற்கரையில டச்சுக்காரங்களுக்கு இடம் கொடுக்க அப்ப ஆண்ட எங்க நாயக்கர் கையால ஒரு உத்தரவு போதுமா இருந்துச்சு. வெளியிலிருந்து வர்றதைத் தடுக்கத்தான் நாங்க கட்டினோம். எங்க ஆளுங்க வெளியே போகணும்னு யோசிக்கவே இல்ல. போன ஒருசிலரையும் பயந்து நிறுத்திட்டோம்” என்றேன்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. யாரும் கேட்கவில்லை. ராஜாங்கம் சார் முதலில் கைதட்டினார்.

நசுருதீன் மக்கன் பேடா வாங்கி வந்திருந்தார். அம்மா என் தலையில் கைவைத்து துஆ செய்தாள். ஆறேகாலுக்கு ஜோயா வந்தாள். பையை ஆணியில் மாட்டிவிட்டு, “கங்கிராட்ஸ்மா” என்று கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். பாதிப் பேடாவைக் கடித்தாள். நாளைக்கு ஒரு தோழிக்கு நிச்சயதார்த்தம், எந்தச் சுடிதார் போடலாம் என்று கேட்டாள்.

பச்சை என்றேன்.

தேர்வில் என்ன கேட்டார்கள் என்று கேட்பாள் என்று சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன். கேட்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, சுடிதாரை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.